டிராயிங் யார் கையில்?

குறிஞ்சிப்பாடியில் மலை கிடையாது. ரயிலை விட்டு இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டைதான். கிழக்கே போனால் பெருமாள் ஏரி, அதற்கும் அப்பால் மணல், பிறகு கடல். இந்தச் சமவெளிக்கு எந்தப் புண்ணியவான் குறிஞ்சி என்று பேர் வைத்தானோ தெரியாது. மலை பார்த்தே ஆக வேண்டுமென்றால் மேற்கே நெய்வேலிப் பக்கம் போக வேண்டும். அங்கே நீள நீளமாகக் குன்றுகள் உண்டு. மேலே செடி கொடி படர்ந்திருக்கும். தெரியாதவர்கள் மலையென்றே நினைப்பார்கள். எல்லாம் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மேல்மண்.

கடலூர் முதுநகரில் ஏறி விருத்தாசலம் போகும் பாசஞ்சரில் வந்தேன். நேராக வடலூருக்கே சீட்டு எடுத்திருக்கலாம். சித்தப்பா அங்கேதான் இருக்கிறார். அவரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். ஆனால் குறிஞ்சிப்பாடியில் இறங்கி ஒரு கைலி வாங்கிக்கொண்டு போவது எங்கள் வீட்டு வழக்கம். சித்தப்பா கடைக் கைலி கட்ட மாட்டார். தறியிலிருந்து இறங்கியதுதான் வேண்டும்.

ஏன் திடீரென்று சித்தப்பா? ரஷ்யாவும் சீனாவும் கூட்டுச் சேர்ந்திருப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்து, இரண்டு வாரமாக ஒரு பக்கம் கூட நகரவில்லை. 2022 பிப்ரவரி 4 அன்று பீஜிங்கில் புதினும் ஷி ஜின்பிங்கும் கூட்டறிக்கை விட்டார்கள். இரு நாட்டு நட்புக்கு எல்லையே கிடையாது என்றார்கள். 20 நாளில் உக்ரைன் போர். அதன் பிறகு எத்தனை சந்திப்பு, எத்தனை கைகுலுக்கல். எல்லாவற்றையும் படித்தேன். வார்த்தைகள் மாவு மாதிரி ஒட்டினவே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று பிடிபடவில்லை. அந்த இரண்டு நாட்டுக்காரர்களில் ஒரு நாட்டுக்காரரோடு தோளோடு தோள் நின்று போல்ட் முறுக்கிய ஆள் எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

குறிஞ்சிப்பாடியில் தறிச் சத்தத்தைத் தொடர்ந்து போனால் போதும், வழி கேட்க வேண்டாம். ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் குழித்தறியில் ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். கால் மிதியில் இருக்க, கையால் நாடாவை இழுத்துக்கொண்டே என்னோடு பேசினார். கட்டம் போட்ட கைலி, கரும்பச்சையும் மெரூனும்.

“இதை எனக்குக் குடுப்பீங்களாக்கா?”

“இது என்னுது இல்லப்பா. நூலு அவங்களுது, டிசைன் அவங்களுது. கைதான் நம்முது.”

“கூலி?”

“அதையும் அவங்கதான் சொல்லுவாங்க.” சிரித்தார். “வேணும்னா முதலாளி கடையில போயி வாங்கு. நான் நெய்ஞ்சதுதான் அங்க இருக்கும்.”

வாங்கினேன். அவர் நெய்ததா என்று தெரியாது. மெரூன் கட்டம் இருந்தது. அந்த மூன்று வாக்கியத்தை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டேன். இரண்டு வாரமாகப் படித்த கட்டுரைகளில் எந்த நிபுணரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

வடலூருக்குப் பேருந்தில் போய்விடலாம், பக்கம்தான். சித்தப்பா சத்திய தருமசாலை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் சித்தி இல்லாத நாட்களில் அவருக்கு மதியச் சாப்பாடு இங்கேதான். வள்ளலார் 1867 மே 23இல் மூட்டிய அடுப்பு, இன்றுவரை அணையவில்லை. வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தபோது சித்தப்பா சொன்னார்: “நாங்க மூட்டின அடுப்பு 58 வருஷம் எரிஞ்சிது. அப்பறம் அணைச்சிட்டாங்க. இது வெறகு. அது கரி. அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவர் சொன்ன அடுப்பு, நெய்வேலி முதலாம் அனல்மின் நிலையம். சோவியத் உதவியோடு கட்டியது. முதல் அலகு 1962 மே மாதம் ஓடத் தொடங்கியது. கடைசி அலகு 1970இல் சேர்ந்தது. 50 மெகாவாட்டில் ஆறு, 100 மெகாவாட்டில் மூன்று, ஆகமொத்தம் 600 மெகாவாட். 2020 செப்டம்பரோடு நிறுத்திவிட்டார்கள். அதைக் கட்டிக்கொடுத்த நாடு 1991இலேயே உலகப் படத்திலிருந்து போய்விட்டது. நாடு போன பிறகும் 29 ஆண்டு அதன் டர்பைன் தமிழ்நாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

சித்தப்பா 1968இல் சேர்ந்தவர். 100 மெகாவாட் அலகுகளை ரஷ்யர்கள் நின்று பூட்டிக்கொண்டிருந்த காலம். “ரஷ்யாக்காரன் பேசவே மாட்டான். கை பேசும். நம்ம ஆளு ஸ்பேனரைத் தப்பாப் புடிச்சா வாங்கி, புடிச்சுக் காட்டிட்டு, திருப்பிக் குடுத்துடுவான். தானே முறுக்க மாட்டான். அதுதான் எனக்கு அவன்கிட்டப் புடிச்சது.”

மாலையில் நெய்வேலி போனோம். பழைய நிலையத்துக்குள் போக வழியில்லை. ஆர்ச் கேட் தாண்டி நகரியத்துக்குள் மரநிழலில் வண்டியை ஓட்டிக்கொண்டே, முன்பு புகை எழுந்த திசையைச் சித்தப்பா கை காட்டினார். நெய்வேலி நகரியத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: சதுரம் சதுரமாக வட்டங்கள். அந்தச் சதுரத்துக்கு ‘வட்டம்’ என்று பேர் வைத்ததைப் பற்றி இங்கே யாரும் சிரிப்பதில்லை. ஒவ்வொரு குவார்ட்டர்ஸ் பின்னாலும் மா, பலா, முருங்கை. நெய்வேலிப் பிள்ளைகள் எந்த ஊருக்குப் போனாலும் பத்து நிமிடத்தில் எந்த வட்டம் என்று விசாரித்துக்கொள்வார்கள்.

இந்த ஊரின் பூர்வகதை பலருக்கும் தெரிந்ததுதான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட, தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி என்று உறுதியாகி, 1956 நவம்பரில் நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பல கிராமங்கள் எழுந்து இடம் மாறின. நிலம் எடுப்பு இன்றும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் பருவத்து நெல்லுக்குள் இயந்திரம் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே எனக்கு வேண்டியது வேறொன்று: இந்தக் குழிக்கும் உலைக்கும் யார் யார் கை கொடுத்தார்கள் என்பது.

தோண்ட வந்தது மேற்கு ஜெர்மனி. ரைன் நதிப் பக்கம் பழுப்பு நிலக்கரி தோண்டிப் பழகிய பக்கெட் வீல் இயந்திரங்களை அவர்கள்தான் கொடுத்தார்கள். எரிக்க வந்தது சோவியத் யூனியன். 1957 நவம்பரில் மாஸ்கோ இந்தியாவுக்கு 50 கோடி ரூபிள் கடன் ஒப்புக்கொண்டது. ராஞ்சி கனரக இயந்திர ஆலை, கோர்பா நிலக்கரி, துர்காபூரில் இரண்டு ஆலைகள், நெய்வேலி மின் நிலையம் என்று ஐந்தும் அந்த ஒரே கடனுக்குள் வந்தன. வட்டி இரண்டரை சதவீதம், பன்னிரண்டு வருஷத் தவணை. டாலரில் வேண்டாம், ரூபாயாகக் கொடுங்கள், அந்த ரூபாய்க்கு எங்களுக்குச் சரக்கு அனுப்புங்கள் என்றார்கள். நம் தேயிலையும் சணலும் தோலும் கப்பலேறின.

1961 ஆகஸ்டில் நெய்வேலியில் முதன்முதலாகக் கரிப் படுகை தெரிந்தது. அதே ஆகஸ்ட் 13ஆம் தேதி பெர்லினில் சுவர் எழும்பியது. அங்கே ஒரே தெருவின் இரண்டு பக்கம் இருந்தவர்கள் பேசிக்கொள்ள முடியாமல் போன மாதத்தில், இங்கே மேற்கு ஜெர்மனி வெட்டிய கரியைக் கிழக்கு முகாமின் கொதிகலனுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கன்வேயர் பெல்ட்டுக்குப் பனிப்போர் தெரியாது.

சரி, ரஷ்யாவின் பக்கத்து வீட்டுக்காரர்? சீனாவுக்கு மாஸ்கோ கொடுத்தது இதைப் போல் பலமடங்கு. 1950 பிப்ரவரி 14 அன்று நட்பு, கூட்டணி, பரஸ்பர உதவி ஒப்பந்தம், 30 ஆண்டுக்கு. மாவோ நாட்டை விட்டு வெளியே போனதே அதுதான் முதல் தடவை. மாஸ்கோவில் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கினார். 30 கோடி டாலர் கடன், வட்டி ஒரு சதவீதம். நமக்கு இரண்டரை, தம்பிக்கு ஒன்று! தொடர்ந்து 156 பெரிய திட்டங்கள். சாங்சுன் நகரில் லாரித் தொழிற்சாலை. மாஸ்கோவின் ஸ்டாலின் ஆலை லாரியை அச்சு அசலாகப் பார்த்து 1956இல் முதல் ‘ஜியேஃபாங்’ லாரி வெளியே வந்தது. வூஹானில் யாங்சி நதி மீது முதல் பாலம், 1957இல் திறந்தார்கள். எஃகாலை, மின் நிலையம், பல்கலைக்கழகப் பாடத்திட்டம் என்று எதையும் விடவில்லை. ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு இவ்வளவு தொழில்நுட்பத்தை இவ்வளவு குறுகிய காலத்தில் கைமாற்றியது சரித்திரத்தில் அபூர்வம்.

பத்து வருஷம் தாங்கவில்லை. ஸ்டாலினைக் குருஷ்சேவ் பழித்தது மாவோவுக்குப் பிடிக்கவில்லை. மாவோவின் பெரும் பாய்ச்சல் குருஷ்சேவுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. 1959 ஜூனில், மாதிரி அணுகுண்டு தருவதற்கில்லை என்று மாஸ்கோ கையை விரித்தது. சீனர்கள் தங்கள் குண்டுத் திட்டத்துக்கே ‘596’ என்று பேர் வைத்தார்கள். ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, ஆறாம் மாதம். அவமானப்பட்ட தேதியைக் கதவில் எழுதி மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பது போல. 1964 அக்டோபர் 16 அன்று அந்தக் குண்டு வெடித்தது. குருஷ்சேவ் பதவி இழந்து இரண்டே நாள் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால், 1960 ஜூலையில், சீனாவில் இருந்த சோவியத் நிபுணர்கள் எல்லோரையும் ஒரே மாதத்தில் திருப்பியழைத்தார் குருஷ்சேவ். சுமார் 1,390 பேர். நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களும் திட்டங்களும் பாதியில் நின்றன. போகும்போது வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது சீனத் தரப்பின் மாறாத புகார். பாதி கட்டிய தொழிற்சாலை, பிரிக்காத பெட்டி, எந்தக் குழாய் எதில் சேரும் என்று சொல்ல ஆளில்லை. பஞ்சமும் அதே சமயத்தில்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது வண்டியை ஓரம் கட்டிவிட்டார். வெளியுறவு, கொள்கை, மாவோ எதுவும் அவரைத் தொடவில்லை. வரைபடம் தொட்டுவிட்டது.

“டிராயிங்கையா எடுத்துட்டுப் போனான்?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“அது தப்பு.” சற்று நேரம் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். “மெஷின் குடுக்கறது பெருசு இல்லடா. டிராயிங் இருந்தாத்தான் மெஷின் உன்னுது. இல்லன்னா அவன் மெஷின் உன் வீட்ல நிக்குது, அவ்வளவுதான்.”

நெய்வேலியில் டிராயிங்குகள் தங்கின. வால்வு போனால், பேரிங் தேய்ந்தால், டிராயிங் அறையில் போய் எடுத்துப் பார்த்து அளவெடுத்து, இங்கேயே ஒர்க்‌ஷாப்பில் கடைந்து போட்டுக்கொண்டார்களாம். தொடக்கத்தில் பயந்து பயந்து. எண்பதுகளில் தூக்கத்தில்கூட அளவு சொல்லும் ஆட்கள் இருந்தார்கள் என்றார்.

அடுத்த நாள் காலை சுரங்கத்தைப் பார்வையாளர் மேடையிலிருந்து பார்த்தேன். முதல் பார்வைக்கு அது குழியாகவே தெரியாது. ஒரு மாவட்டம் இறங்கி உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். படிப்படியாக இறங்கும் மண் தட்டுகள், மேலே செம்மண், நடுவில் வெளிர்மஞ்சள், அடியில் கன்னங்கறேல் என்று ஒரு கோடு. அதுதான் கரி. தூரத்தில் பக்கெட் வீல்கள் பொம்மை போலச் சுழன்றன. பக்கத்தில் போனால் நாலைந்து மாடி உயரம். இங்கே அவற்றைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘1400 லிட்டர்’, ‘700 லிட்டர்’ என்று வாளியின் கொள்ளளவால்தான் குறிப்பிடுகிறார்கள். குடம் அளந்து வாங்குகிற மாதிரி.

ஜெர்மானியர்களுக்கு இந்த மண் ஒரு பாடம் நடத்தியது. அவர்கள் ஊரில் கரிக்கு மேலே மணலும் களிமண்ணும். வாளி வெண்ணெயாக வெட்டிக்கொண்டு போகும். இங்கே கடலூர் மணற்பாறை. வாளிப் பற்கள் மளமளவென்று தேய்ந்தன. பாறையை வெடிவைத்துத் தளர்த்திய பிறகே வெட்ட வேண்டும், பல்லுக்கு வேறு உலோகம் வேண்டும் என்பதெல்லாம் இந்தக் குழியில் கற்றுக்கொண்டவை. அதைவிடப் பெரிய பாடம் தண்ணீர். கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு பிரம்மாண்டமான ஊற்று. அதை முன்கூட்டியே பம்பு போட்டு இறைக்காவிட்டால் குழியின் தரையே பிளந்து எழும்பிவிடும். ஆகவே கரி எடுக்கும் ஊரில் இரவும் பகலும் முதல் வேலை தண்ணீர் இறைப்பது. அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி பரவனாற்று வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று குறிஞ்சிப்பாடிப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்று விவசாயி சொல்வதும், வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று இன்னொரு விவசாயி சொல்வதும் ஒரே பம்பின் இரண்டு முனைகள். வாய்க்காலில் வருவதை எப்போது திறப்பது, எவ்வளவு விடுவது என்பது வயல்காரர் கையில் இல்லை. பெரிய பக்கத்து வீடு வாய்த்தவர்களின் நிலைமை எங்கும் இதுதான் போலும். ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் இருக்கும் மங்கோலியாக்காரர் யாராவது இந்த மேடையில் நின்றால் விளக்கம் கேட்க மாட்டார்.

மந்தாரக்குப்பத்தில் டீக்கடை. சித்தப்பாவின் பழைய கூட்டாளிகள் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் வந்த விஷயம் தெரிந்ததும் பேச்சு 1962க்கு ஓடியது.

அந்த வருஷம் மே மாதம் நெய்வேலியில் சோவியத் டர்பைன் சுற்றத் தொடங்கியது. அக்டோபரில் சீனா எல்லை தாண்டியது. மூன்று வருஷத்துக்கு முன்பு இந்திய-சீன எல்லையில் லோங்ஜூ மோதலை அடுத்து, 1959 செப்டம்பரில், மாஸ்கோ யார் பக்கமும் சேராமல் ஓர் அறிக்கை விட்டிருந்தது. சொந்தத் தோழனை ஆதரிக்காமல் நடுவில் நின்றதே சீனாவுக்குப் பெரிய காயம். ஆனால் 1962 அக்டோபர் 25 அன்று ‘பிராவ்தா’ தலையங்கம் சீனாவின் யோசனைகளை ஏற்கச் சொன்னது. கியூபா நெருக்கடி உச்சத்தில் இருந்த வாரம். குருஷ்சேவுக்குச் சீனாவின் துணை தேவைப்பட்டது. நெருக்கடி தீர்ந்ததும் பழைய இடத்துக்கே திரும்பினார். டில்லி அந்த வாரத்தை மறக்கவில்லை. சீனா சகோதரன், இந்தியா நண்பன் என்ற பேச்சு அன்று அடிபட்டது. எது நெருக்கம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அந்த வாரத்திலும் நெய்வேலியில் ரஷ்யர்கள் வேலைக்கு வராமல் போனதாக இந்த டீக்கடையில் யாருக்கும் கேள்வியில்லை.

“அதுக்கப்பறம் தானே நம்ம ஊர்ல கட்சியே ரெண்டாச்சு,” என்றார் ஒருவர். 1964. வலது, இடது. தத்துவக் காரணங்கள் ஆயிரம் இருந்தன. ஆனால் டீக்கடையில் அது ரஷ்யக் கட்சி, சீனக் கட்சிதான். ஒரே ஷிஃப்டில் வேலை செய்து, ஒரே கேன்டீனில் சாப்பிட்டு, உசூரி நதியைப் பற்றி அடித்துக்கொண்டார்களாம். 1969 மார்ச்சில் அந்த நதியின் ஒரு சின்னத் தீவுக்காக இரண்டு கம்யூனிஸ்ட் ராணுவங்கள் சுட்டுக்கொண்டன. தீவை ஒருவர் டமான்ஸ்கி என்பார், இன்னொருவர் ஜென்பாவோ என்பார். “நாங்க அந்தப் பேருக்கே ஒரு வாரம் சண்டை போட்டோம்.”

சிற்றலையில் இரண்டு நாடுகளும் தமிழில் கேட்டன. மாஸ்கோ வானொலியும் தமிழ் பேசியது. 1963 ஆகஸ்டில் சீன வானொலியும் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் எல்லையைப் பகிர்ந்துகொண்ட இரண்டு வல்லரசுகள், எதிரும் புதிருமாக, நெய்வேலிக் குவார்ட்டர்ஸ் திண்ணையில் தமிழில் சண்டை போட்டன. புத்தகத்தில் மட்டும் ரஷ்யாதான் ஜெயித்தது. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் ஆகியவை வெளியிட, பூ. சோமசுந்தரமும் ரா. கிருஷ்ணையாவும் நா. தர்மராஜனும் மொழிபெயர்த்த தடித்த அட்டைப் புத்தகங்கள் இட்லி விலைக்குக் கிடைத்தன. 1998இல் தொடங்கிய நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு இவ்வளவு வாசகர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஆச்சரியப்படுபவர்கள் அந்த அலமாரிகளைப் பார்க்கவில்லை.

இனி இப்போதைய கதைக்கு வருகிறேன். 1989 மே மாதம் கோர்பசேவ் பீஜிங் போய்ச் சமாதானம் செய்துகொண்டார். 1996இல் யெல்ட்சினும் ஜியாங் ஜெமினும் உத்திசார் கூட்டாண்மை என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். 2001இல் நல்ல அண்டைவீட்டு உறவுக்கு ஓர் ஒப்பந்தம். 2008க்குள் எல்லைக் கோடு கடைசி அங்குலம் வரை பேசி முடிக்கப்பட்டது. ரஷ்யா ஒரு முழுத் தீவையும் இன்னொரு தீவில் பாதியையும் விட்டுக்கொடுத்தது. அறிக்கைகளைவிட இந்த எல்லை முடிப்பையே நான் பெரிதாக நினைக்கிறேன். வேலித் தகராறு தீராமல் பங்காளிகள் எந்தத் தொழிலும் செய்ய முடியாது. இமயமலையில் நம் அனுபவமும் அதுதான்.

ஆனால் தறியில் அந்த அக்கா சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. நூல் யாருடையது, டிசைன் யாருடையது, கூலி சொல்வது யார்?

1950களில் இயந்திரமும் வரைபடமும் வடக்கே இருந்து தெற்கே வந்தன. இன்று வடக்கே இருந்து வருவது எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, மரம். தெற்கே இருந்து போவது இயந்திரம், காரு, மின்னணுச் சாமான். 2014 மே மாதம், கிரைமியாவை எடுத்துக்கொண்ட இரண்டே மாதத்தில், சைபீரிய எரிவாயுவை 30 ஆண்டுக்குச் சீனாவுக்கு விற்க ரஷ்யா ஒப்பந்தம் போட்டது. மதிப்பு 40,000 கோடி டாலர் என்றார்கள். விலைப் பேச்சு வருடக்கணக்கில் இழுத்து, ரஷ்யாவுக்கு வேறு வழி சுருங்கிய நேரத்தில் முடிந்தது தற்செயல் அல்ல. 2019 டிசம்பரில் அந்தக் குழாய் ஓடத் தொடங்கியது. மங்கோலியா வழியாக இரண்டாவது குழாய்க்கு 2025 செப்டம்பரில் காஸ்ப்ரோம் ஒப்பந்தக் குறிப்பு கையெழுத்தானதாக அறிவித்தது. அப்போதும் விலை பேசி முடியவில்லை. ஐரோப்பிய வாடிக்கையாளரை இழந்தவன் அவசரத்தில் இருக்கிறான்; வாங்குகிறவனுக்கு அவசரமில்லை. கூலியை அவங்கதான் சொல்லுவாங்க.

லாரிக் கதைக்கும் பின்குறிப்பு உண்டு. சாங்சுன் நகருக்கு லாரி கற்றுக்கொடுத்த அந்த மாஸ்கோ ஆலையின் பேர் பின்னால் ‘ஜில்’ என்று மாறி, இயந்திரங்கள் நின்று, இடம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. 2022இல் ரெனோ நிறுவனம் ரஷ்யாவை விட்டுப் போனபோது, மாஸ்கோவில் அது விட்டுப்போன ஆலையில் ‘மாஸ்க்விச்’ என்ற பழைய சோவியத் பேரில் மறுபடியும் காரு செய்ய ஆரம்பித்தார்கள். உள்ளே இருப்பது சீனாவின் ஜேஏசி நிறுவனத்து வடிவமைப்பு. மறு வருஷம் ரஷ்யாவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் சீனத் தயாரிப்பு. டிராயிங் கை மாறிவிட்டது.

இதை டீக்கடையில் சொன்னேன். மூவரில் ஒருவர், முன்னாள் ‘சீனக் கட்சி’, மெல்லச் சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. ரஷ்யர்களுக்கு இந்தக் கதி என்பதை அவரால் ஒரு கட்சிச் செய்தியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தெரிந்த மேஸ்திரி ஒருவர் நொடித்துப்போனதைக் கேட்ட முகம்.

அவருக்காக நியாயம் சொல்ல வேண்டுமானால் ஒன்று உண்டு. ரஷ்யா கைவிட்டதும் சீனா செத்துப்போகவில்லை. நான்ஜிங்கில் யாங்சி மீது ஒரு பாலத்தை வெளி உதவியே இல்லாமல் கட்டி 1968இல் திறந்தார்கள். எடுத்துக்கொண்டு போன டிராயிங், அதைப் பறிகொடுத்தவனைப் படம் வரையக் கற்க வைத்தது. நமக்கு எல்லா டிராயிங்கும் இருந்தது. ஜெர்மன் ஒரு அலமாரி, ரஷ்யன் ஒரு அலமாரி. பக்கத்து வீட்டில் நடந்தது நமக்கு நடக்காததற்கு நம் சாமர்த்தியமும் ஒரு காரணம், ஒரே கடையில் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அலமாரி நிறைய இருந்தால் பென்சிலை எடுக்கச் சோம்பல் வரும் என்பதும் உண்மை. பழைய நிலையத்துக்குப் பதிலாக வந்த 500 மெகாவாட் அலகுகள் இரண்டையும் நம் நாட்டு பெல் நிறுவனம் செய்து கொடுத்தது. அந்தப் பென்சிலைக் கையில் எடுக்க நமக்கு எத்தனை வருஷம் ஆனது என்பதை நெய்வேலிக்காரர்களே எண்ணிப் பார்த்துச் சொல்லட்டும்.

இரவு வடலூர் வீட்டில் சித்தப்பா மெரூன் கட்டக் கைலியை மாற்றிக்கொண்டு வந்து, ஒரு பழைய நோட்டைக் கொடுத்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. வால்வு எண்கள், அழுத்தம், வெப்பம், இடது ஓரத்தில் ரஷ்ய எழுத்துகளும் எதிரே தமிழ் உச்சரிப்பும். அவர்களுடைய எழுத்தில் ஆங்கில ‘பி’ போலிருப்பது ‘ர’. ‘எச்’ போலிருப்பது ‘ந’. தப்பாகப் படித்துத் திட்டு வாங்கிய கதையைச் சொன்னார்.

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம், எழுத்து எழுத்தாக, கோலம் போடுவது போல் வரைந்திருந்தது. எதிரே தமிழ் இல்லை.

“இது என்ன சித்தப்பா?”

“ஸ்விட்ச் போர்டுல தொங்கவிடற அட்டை. பெட்டியோட வந்தது. அர்த்தம் எழுதி வைக்கல. ஆனா அது தொங்கினா யாரும் கை வைக்க மாட்டோம்.”

செல்போனைக் காட்டிப் படிக்க வைத்தேன். திரையில் தமிழ் வந்தது: இயக்காதே, ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, அந்த வரிக்கு எதிரே, 50 வருஷத்துக்கு மேல் காலியாகக் கிடந்த இடத்தில், எழுத ஆரம்பித்தார்.